இஷாவுக்குப் பின்னுள்ள நேரம்

சென்ற மாதம் நம் டிரஸ்டின் பெண்கள் வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்துகொண்டிருந்தபோது ஒரு தாய் தயங்கியபடி கேட்டார்: "ஹஜ்ரத், ஒன்பதாவது படிக்கிற மகன சுபுஹுக்கு எழுப்பவே முடியல. முகத்துல தண்ணி தெளிச்சும் பார்த்தாச்சு. ஏதாச்சும் ஓதி ஊதுறதுக்கு இருந்தா சொல்லிக் கொடுங்க."

"ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குறான்?" என்று கேட்டேன்.

சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "அவங்க வாப்பா போனைக் கீழே வைக்கிற நேரத்துக்குத்தான்."

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிக்க வரவில்லை. முந்தைய இரவு நானும் 12 மணியைத் தாண்டித்தான் போனை வைத்திருந்தேன். உறங்கும்போது ஓத வேண்டிய துஆக்களை அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் அவர் கேட்டதற்கு அது பாதிப் பதில்தான். மீதியை வீட்டார் அனைவரும் சேர்ந்து யோசிக்க வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பக்கம் இஷா ஜமாஅத் முடிந்து வெளியே வரும்போது மணி 8.15 ஆகியிருக்கும். சுபுஹு பாங்கு ஏறத்தாழ 5 மணிக்கு. இடையில் கிட்டத்தட்ட 9 மணி நேரம் இருக்கிறது. சாப்பாட்டுக்கும் மற்ற வேலைகளுக்கும் ஒன்றரை மணி நேரத்தை ஒதுக்கினாலும் 7 மணி நேரம் தூங்கலாம். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரமும், 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரமும், 6 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு 9 முதல் 12 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. 12.30 மணிக்குப் படுக்கும் பிள்ளை 5 மணிக்கு எழ வேண்டுமானால் அவனுக்குக் கிடைப்பது நாலரை மணி நேரம். அவனை எழுப்ப முடியாததற்குக் காரணம் ஷைத்தான் மட்டும்தான் என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

உறக்கம் ஓர் அத்தாட்சி

உறக்கத்தை நம்மில் பலர் வீணான நேரம் என்று எண்ணுகிறோம். "தூங்கினது போதும்" என்பதே வீடுகளில் அதிகம் கேட்கும் அதட்டல். குர்ஆனோ உறக்கத்தை அல்லாஹ்வின் கொடைகளில் ஒன்றாகச் சொல்கிறது. உறக்கத்தை ஓய்வாக ஆக்கியது பற்றி சூரா நபஉவில் (78:9) வருகிறது. சூரா ரூமில் (30:23) இரவிலும் பகலிலும் நாம் உறங்குவது அவனுடைய அத்தாட்சிகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. பகல் உறக்கமும் அந்த வசனத்தில் இடம் பெறுவதால், இரவுப் பணிக்குப் போய்விட்டுப் பகலில் உறங்கும் நம் சகோதரர்களும், கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்துவிட்டுப் பகலில் கண்ணயரும் தாய்மார்களும் சோம்பேறிகள் என்ற பேச்சைக் கேட்க வேண்டியதில்லை.

நபி (ஸல்) அவர்கள் இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் வெறுத்தார்கள் என்று அபூபர்ஸா (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. பின்னிரவுத் தொழுகையும் சுபுஹும் இந்த நேரத்தை நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் அடங்கியிருக்கின்றன. ஆனால் இது இஷாவுக்குப் பின் வாயையே திறக்கக் கூடாது என்ற கட்டளை அல்ல. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் நூலில் இரவில் கல்வி குறித்துப் பேசுவதற்கென ஒரு தலைப்பையும், இரவில் விருந்தாளியோடும் குடும்பத்தாரோடும் பேசுவதற்கென இன்னொரு தலைப்பையும் வைத்திருக்கிறார்கள். ஆக, இந்த நேரத்திற்கு உரியவை மூன்று: உறக்கம், கல்வி, குடும்பம். நம் வீடுகளில் இந்த மூன்றின் இடத்தையும் இன்று ஒரே ஒரு பொருள் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"நாள் முழுக்க உழைச்சுட்டு வர்றோம், கொஞ்ச நேரம் போன் பார்க்கிறதுதான் ரெஸ்ட்" என்று ஒரு சகோதரர் என்னிடம் சொன்னார். அவர் மீது எனக்குக் குறை இல்லை. கடையில் பகல் முழுவதும் நிற்பவர். ஆனால் போனைக் கீழே வைக்கும்போது உடம்பு தெளிவாக இருக்கிறதா, முன்பைவிடக் கனமாக இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொன்னேன். திரையின் வெளிச்சம் உறக்கத்தை வரவழைக்கும் சுரப்பைத் தாமதப்படுத்துகிறது. இஷா முடிந்து கடைத்தெருவில் குடிக்கும் தேநீரும் சாதாரணமல்ல. அதிலுள்ள காஃபினில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகிறது. 9 மணிக்குக் குடித்த தேநீரில் பாதி 2 மணிக்கும் நம்மோடு இருக்கும்.

ஸல்மான் (ரலி) தங்கிய இரவு

ஓய்வு வணக்கத்துக்கு எதிரி என்று நினைக்கும் நல்லவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஒரு நபித்தோழரின் வீட்டில் நடந்த சம்பவம் இருக்கிறது.

ஸல்மான் அல்ஃபாரிஸீ (ரலி) அவர்களையும் அபூதர்தா (ரலி) அவர்களையும் நபி (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்து வைத்திருந்தார்கள். ஒரு நாள் ஸல்மான் (ரலி) அந்த வீட்டுக்குப் போனபோது உம்முதர்தா (ரலி) தம்மைக் கவனித்துக்கொள்ளாத எளிய ஆடையில் இருந்தார். காரணம் கேட்டதற்கு, உங்கள் சகோதரருக்கு உலகில் எதிலும் நாட்டம் இல்லை என்ற பொருளில் பதில் சொன்னார். அபூதர்தா (ரலி) வந்து விருந்தாளிக்கு உணவு வைத்தார். தாம் நோன்பு என்றார். நீங்கள் உண்ணாமல் நான் உண்ண மாட்டேன் என்றார் ஸல்மான். அவரும் உண்டார். இரவானதும் அபூதர்தா (ரலி) தொழ எழுந்தார். ஸல்மான், உறங்குங்கள் என்றார். சற்று நேரத்தில் மீண்டும் எழுந்தார். மறுபடியும் உறங்கச் சொன்னார். இரவின் கடைசிப் பகுதி வந்ததும், இப்போது எழுங்கள் என்று கூறி, இருவருமாகத் தொழுதார்கள். பிறகு ஸல்மான் (ரலி), இறைவனுக்கும் உங்கள் உடலுக்கும் குடும்பத்துக்கும் உங்கள் மீது உரிமை உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுங்கள் என்ற கருத்தில் எடுத்துச் சொன்னார். இது நபி (ஸல்) அவர்களின் கவனத்துக்குப் போனபோது, ஸல்மான் சொன்னது உண்மை என்று உறுதிப்படுத்தினார்கள். (நூல்: புகாரி)

இதில் என் கவனம் போவது உம்முதர்தா (ரலி) மீது. அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று ஸல்மான் (ரலி) அறிந்தது கணவரின் முகத்தைப் பார்த்தல்ல, மனைவியின் நிலையைப் பார்த்துத்தான். ஒருவர் இரவு பகலாக ஈடுபட்டிருக்கும் வேலை, அது வணக்கமே ஆனாலும், வீட்டில் வேறு யாருடைய உரிமையிலிருந்து எடுக்கப்படுகிறது என்ற கேள்வி அதில் இருக்கிறது. அபூதர்தாவிடம் இரவைப் பிடித்துக்கொண்டது தொழுகை. நம்மிடம் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அந்தச் சிறப்புகூட இல்லை.

பள்ளிவாசலில் இரு தூண்களுக்கு இடையே ஒரு கயிறு கட்டியிருப்பதைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் விசாரித்ததும் இதே வகைதான். ஸைனப் (ரலி) தொழுது களைத்தால் பிடித்துக்கொள்வதற்காக என்றார்கள். அதை அவிழ்க்கச் சொல்லி, சுறுசுறுப்பு இருக்கும் வரை தொழுங்கள், களைத்தால் உட்கார்ந்துவிடுங்கள் என்ற கருத்தில் சொன்னார்கள். தொழுகையில் கண் சொக்கினால் போய் உறங்கும்படியும் வழிகாட்டினார்கள். தூக்கக் கலக்கத்தில் பாவமன்னிப்புக் கேட்பதாக எண்ணித் தன்னையே ஏசிவிடக் கூடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

பகல் உறக்கமான கைலூலா பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜுமுஆ நாளில் தொழுகை முடிந்த பிறகே உணவும் கைலூலாவும் என்று ஸஹ்ல் (ரலி) அறிவிக்கிறார். சூரா நூரில் (24:58) பிள்ளைகள் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டிய மூன்று நேரங்களில் ஒன்று, மேலாடையைக் களைந்து ஓய்வெடுக்கும் நண்பகல். வீட்டில் எல்லோரும் ஓய்வெடுக்கும் நேரம் என்று ஒன்று இருப்பதை அந்த வசனம் ஏற்கிறது. நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை பிரியாணி சாப்பிட்டுவிட்டு வாப்பா கைலூலா என்ற சுன்னத்தை நிறைவேற்றுகிறார், மகன்களும் நிறைவேற்றுகிறார்கள். அதே நேரத்தில் உம்மா தேக்‌ஷாவைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சுன்னத்தில் அவருக்கும் பங்கு வேண்டுமானால், வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவிய நபி (ஸல்) அவர்களின் இன்னொரு சுன்னத்தை ஆண்கள் முதலில் கையில் எடுக்க வேண்டும். கால் மணி நேர வேலைதான்.

பைக்குள் இருந்த அறிவு

ஓய்வுக்கும் படிப்புக்கும் என்ன தொடர்பு? களைத்த கண்ணால் பார்க்க முடியும், படிக்க முடியாது. போனில் விரல் தள்ளிக்கொண்டே போவது பார்ப்பது. படிப்பது என்றால் ஒரு பக்கத்தில் தங்க வேண்டும்.

இமாம் கஸாலி (ரஹ்) அவர்களின் இளமைக் காலத்துச் சம்பவம் ஒன்றை வரலாற்றாசிரியர் சுப்கி (ரஹ்) பதிவு செய்திருக்கிறார். ஜுர்ஜான் நகரில் பாடம் பயின்று, எழுதிய குறிப்புகளை ஒரு பையில் வைத்துக்கொண்டு சொந்த ஊரான தூஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் கொள்ளையர்கள் எல்லாவற்றையும் பறித்தார்கள். அவர் அவர்களின் பின்னாலேயே போய்த் தலைவனிடம், அந்தப் பையை மட்டும் தந்துவிடுங்கள், என் அறிவு அதில்தான் இருக்கிறது என்று மன்றாடினார். தலைவன் சிரித்தான். நாங்கள் பையை எடுத்ததும் உன் அறிவும் போய்விட்டதென்றால், நீ எதைக் கற்றாய் என்று கேட்டுவிட்டுப் பையைத் திருப்பிக் கொடுத்தான். ஊர் திரும்பிய இமாம், அந்தக் குறிப்புகளை மனதில் ஏற்றுவதற்கு மூன்று ஆண்டுகள் செலவிட்டார். இனி எந்தக் கொள்ளையனும் எடுக்க முடியாது.

நம் போனிலும் எல்லாம் இருக்கிறது. 30 ஜுஸ்உவும் இருக்கிறது, ஹதீஸ் நூல்கள் இருக்கின்றன, பிறகு கேட்கலாம் என்று சேமித்த பயான்கள் இருக்கின்றன. நம்மிடமிருந்து அவற்றைப் பறிக்கக் கொள்ளையன்கூட வேண்டாம், சார்ஜ் இறங்கினால் போதும்.

குர்ஆனே 23 ஆண்டுகளில் சிறிது சிறிதாக இறங்கியது. மக்களுக்கு நிதானமாக ஓதிக் காட்டுவதற்காக அப்படிப் பகுதி பகுதியாக அருளப்பட்டது என்ற கருத்து சூரா பனீ இஸ்ராயீலில் (17:106) உள்ளது. இளைஞராக இருந்த அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) ஒவ்வோர் இரவும் குர்ஆன் முழுவதையும் ஓதி முடித்துவந்தார். நபி (ஸல்) அவர்கள் அவரை அழைத்து, மாதம் ஒரு முறை போதும் என்றார்கள். அவர் இன்னும் முடியும் என்று வலியுறுத்த, படிப்படியாகக் குறைத்து ஏழு நாள் வரை இறங்கி வந்தார்கள். முதுமையில் அவர், அன்று தந்த சலுகையை ஏற்றிருக்கலாமே என்று வருந்தினார். வேகம் ஒருவருக்கு நன்மையாகத் தோன்றும் காலத்திலேயே அதன் பாரம் தெரிவதில்லை.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் நம் முன்னோர் வீட்டுப் பெண்கள் அரபுத்தமிழ் நூல்களை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்கும் வழக்கம் வைத்திருந்தார்கள். மார்க்கச் சட்டங்களும் மாலைப் பாடல்களும் அப்படித்தான் நெஞ்சில் இறங்கின. நமக்குத் தமிழும் நன்றாகத் தெரியும், அச்சிட்ட நூல்களும் நூலகத்தில் இருக்கின்றன. நாளுக்கு 5 பக்கம் படித்தால் 200 பக்க நூல் ஒன்று 40 நாளில் முடியும். 5 பக்கத்தை ஒருவர் உரக்க வாசிக்கக் கால் மணி நேரத்திற்குச் சற்று மேல் ஆகும். குடும்பப் பேச்சும் கல்விப் பேச்சும் ஒரே பாயில் நடந்துவிடும். கதைப் புத்தகமானாலும் நல்லதாயின் தடுக்காதீர்கள். பிள்ளைக்கு முதலில் தாளில் கண் தங்கட்டும்.

தன்னோடு கணக்குப் பார்த்தல்

மூன்று ஆண்டுகள் மனனம் செய்த அதே கஸாலி (ரஹ்) பின்னாளில் பக்தாதின் நிஜாமிய்யாவில் 300 மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் பேராசிரியரானார். ஹிஜ்ரி 488இல், அதாவது 1095இல், தம் நிலையைத் தாமே ஆராய்ந்தபோது, பாடம் நடத்துவதன் நோக்கம் புகழாகவே இருக்கிறது என்று கண்டார். வேலையை விடுவதா, தொடர்வதா என்று ஆறு மாதம் ஊசலாடினார். கடைசியில் பேச நா எழவில்லை, உணவு செரிக்கவில்லை. இது உள்ளத்திலிருந்து வந்த நோய் என்று மருத்துவர்கள் கைவிட்டார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஷாம் தேசம் போனார். திமிஷ்க் பள்ளிவாசலின் மினாராவில் பகலெல்லாம் தனித்திருந்தார். இதையெல்லாம் அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு 1106இல் நைஸாபூரில் மீண்டும் பாடம் நடத்த அமர்ந்தார்.

நாம் மினாராவில் ஏற வேண்டியதில்லை. அதற்கு முன்பே செய்யக்கூடியதை அவரே தம் இஹ்யாவில் வியாபாரிகளுக்குப் புரியும்படி விளக்கியிருக்கிறார். நஃப்ஸை ஒரு கூட்டாளியாக எண்ணிக்கொள்ளுங்கள். சுபுஹு தொழுததும் அதனிடம் நிபந்தனை பேசிச் சரக்கைக் கையில் கொடுங்கள். பகலில் ஒரு கண் வையுங்கள். இரவில் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். பர்ளுகள் முதல், நஃபில்கள் லாபம், பாவங்கள் நஷ்டம். கடையில் 10 ரூபாய் குறைந்தால் கல்லாவை இரண்டு முறை எண்ணும் நாம், அன்றைய நாளை ஒரு முறையும் எண்ணாமல் படுக்கிறோம் என்பதுதான் அவருடைய ஆதங்கம். இப்படிக் கணக்குப் பார்ப்பதற்கு முஹாஸபா என்று பெயர். அவருக்கு இரண்டு நூற்றாண்டுகள் முன்பு வாழ்ந்த ஹாரிஸ் (ரஹ்) அவர்களுக்கு முஹாஸிபீ என்ற பெயரே இதனால்தான் வந்தது.

அந்தத் தாய் கேட்ட வாரத்திலிருந்து நான் ஒரு சிறு நோட்டில் இரவு 9.30 மணிக்கு மூன்று வரி எழுதி வந்தேன். எத்தனை மணிக்குப் படுத்தேன், என்ன படித்தேன், யாரிடம் கடுமையாகப் பேசினேன். பத்து நாள் கழித்துப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. கடுமையாகப் பேசியவை அனைத்தும் அஸருக்குப் பின், மக்தபில், பிள்ளைகளிடம். அதிலும் முந்தைய இரவு தாமதமாகப் படுத்த நாட்களில் மட்டும். ஒரு நாள், சரியாக ஓதிய பிள்ளையைத் தப்பு என்று அதட்டி மூன்று முறை திரும்ப ஓத வைத்திருக்கிறேன். பிறகு முஸ்ஹஃபைப் பார்த்தால் அவன் ஓதியதே சரி. இத்தனை ஆண்டுகளாக அந்தக் கோபத்தை நான் தஜ்வீதின் மீதுள்ள அக்கறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மற்றப் பிள்ளைகள் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல உஸ்தாத்" என்றான். அதற்குப் பிறகும் இரண்டு நாள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓதினான்.

இதை எழுதுவதற்கு ஒரு தயக்கம் இருந்தது. அல்லாஹ் மறைத்து வைத்த பாவத்தை நாமே ஊருக்குச் சொல்வது கண்டிக்கப்பட்ட செயல். இது வகுப்பு முழுவதும் பார்த்த ஒன்று என்பதால் எழுதினேன். உங்கள் நோட்டை யாரிடமும் காட்டாதீர்கள். மாதக் கடைசியில் கிழித்தும் போடலாம். பிள்ளைகளின் நோட்டைப் பெற்றோர் வாங்கிப் படிக்கவே கூடாது.

நோட்டில் வராத குறைகளும் உண்டு. தன் குறையைத் தானே காண்பது கடினம் என்பதால் இமாம் கஸாலி நான்கு வழிகள் சொல்கிறார்: நல்ல ஆசானிடம் அமர்வது, உண்மை பேசும் நண்பரைக் கேட்பது, பகைவர் என்ன சொல்கிறார் என்று கவனிப்பது, பிறரிடம் நாம் வெறுக்கும் குணம் நம்மிடம் இருக்கிறதா என்று தேடுவது. மூன்றாவதுதான் நமக்குக் கசப்பானது. முகஸ்துதி செய்யும் நண்பனைவிடக் குறை சொல்லும் பகைவனால் பயன் அதிகம் என்கிறார் அவர். நம் வீடுகளில் பகைவர் வேண்டியதில்லை. மனைவியிடம் கேட்டால் போதும். கேட்டுவிட்டுப் பதிலுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதுதான் சிரமம்.

எவ்வளவு முயன்றும் உறக்கம் வராதவர்களும், குறட்டையுடன் மூச்சுத் திணறி விழிப்பவர்களும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதை ஈமானின் பலவீனம் என்று யாரும் அவர்களிடம் சொல்ல வேண்டாம்.

அடுத்த வகுப்புக்கு அந்தத் தாய் வந்திருந்தார். இஷா முடிந்து சாப்பிட்டதும் எல்லோருடைய போனும் சமையலறை அலமாரிக்குப் போய்விடுகிறதாம். மகன் நம் நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்தை வாசிக்கிறான், தங்கச்சி நடுவில் கேள்வி கேட்டுச் சண்டை போடுகிறாள். சுபுஹுக்கு வாரத்தில் நாலு நாள் தானாக எழுகிறான். "மீதி மூணு நாள்?" என்றேன். "அந்த மூணு நாளும் அவங்க வாப்பா அலமாரியைத் திறந்த நாள், ஹஜ்ரத்" என்றார்.